போர்ட்டின் வேகத்தைக் குறைக்கலாமா?

இவ்வாண்டு எங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையில் ஒரு கேள்வி எழுந்தது. உலகை உலுக்கும் கேள்வி அன்று. ஆயினும் மாணவியர் மன்றத்திலும், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும், ஏன், மதிய வேளையில் வேப்பமரத்தடியிலும்கூட அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை எனலாம். கணிப்பொறிகளிலுள்ள யு.எஸ்.பி. போர்ட்டுகளின் வேகத்தைக் குறைத்துவிடலாமா என்பதே அக்கேள்வி.

காரணம் இதுதான். மதிய இடைவேளையில் அறைக்கு வரும் மாணவியர் சிலர், பென் டிரைவுகளைச் செருகித் திரைப்படங்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள் என்று புகார் வந்தது. புகார் பொய்யென்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. இதை எழுதும் எங்களில் சிலரும் அந்த வரிசையில் நின்றவர்களே. கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, "போர்ட்டை அடைக்க வேண்டாம், பிள்ளைகள் வீட்டில் செய்த வேலையைக் கொண்டுவர வேண்டுமே. வேகத்தை மட்டும் குறைத்துவிடுங்கள். ஒரு படம் ஏற மணிக்கணக்கில் ஆகுமென்றால் தாமாகவே சலித்து விட்டுவிடுவார்கள்" என்றார். பலர் தலையசைத்தனர். சிஸ்டர் அவர்களும் யோசிப்போம் என்று குறித்துக்கொண்டார்கள்.

கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் இதில் மாறுபடுகிறோம். வேகத்தைக் குறைப்பதே தவறு என்பது எங்கள் வாதமன்று. பல வேளைகளில் குறைத்தே ஆக வேண்டும்; அதையும் சொல்லுவோம். எதற்காகக் குறைக்கிறோம் என்பதில்தான் எங்கள் வழக்கு இருக்கிறது.

முதலில் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அச்சுப்பொறிக்கு ஒரு துளை, மவுஸுக்கு வேறொரு துளை, விசைப்பலகைக்கு இன்னொன்று என்று கணிப்பொறியின் முதுகு முழுவதும் வெவ்வேறு வடிவத் துளைகளாக இருந்த காலம் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே வகைத் துளை போதும் என்று வகுக்கப்பட்டதே யு.எஸ்.பி. அதை உருவாக்கியவர்களில் முதன்மையாகப் பேசப்படுபவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பின் அமெரிக்கா சென்றவர். 1996ஆம் ஆண்டு வெளிவந்த முதல் விதித்தொகுப்பிலேயே இரண்டு வேகங்கள் இருந்தன: வினாடிக்கு 1.5 மெகாபிட் ஒன்று, 12 மெகாபிட் மற்றொன்று.

ஏன் இரண்டு? 12 இருக்கும்போது 1.5 எதற்கு? மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் அதற்குமேல் தேவையில்லை என்பதால்தான். குறைந்த வேகமென்றால் கம்பிகளை முறுக்கி, மேலே உலோக உறையிட்டுக் காக்க வேண்டியதில்லை. மலிவான கம்பியே போதும். ஆகவே மெதுவாகப் போவது என்பது பிற்காலத்தில் யாரோ இட்ட தண்டனையன்று. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களே முதல் நாளில் விரும்பி வைத்தது. பிறகு 2000ஆம் ஆண்டில் 480 மெகாபிட் வந்தது. 2008இல் 5 கிகாபிட் வந்தது. நீல நிறத் துளைகள் பெரும்பாலும் இதற்குரியவை. 2019இல் வந்த நான்காம் பதிப்பு 40 கிகாபிட் வரை செல்லும். இத்தனை வந்த பின்னும், இன்று கடையில் வாங்கும் சாதாரண விசைப்பலகை அந்தப் பழைய சிறு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு விரைவாகத் தட்டச்சு செய்பவரும் அதைத் தாண்ட முடியாது!

இன்னொரு செய்தி எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரு சாதனத்தைச் செருகியவுடன் தன் வேகம் என்ன என்பதை அது தானே அறிவிக்கிறது. தரவு செல்லும் கம்பிகள் இரண்டு. அவற்றில் எந்தக் கம்பியோடு 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்து மின்னழுத்தத்தை உயர்த்திப் பிடிக்கிறதோ, அதை வைத்து "இது 1.5, இது 12" என்று கணிப்பொறி புரிந்துகொள்கிறது. 480இல் ஓடக்கூடிய சாதனமோ முதலில் 12ஆகவே தன்னைக் காட்டிக்கொண்டு, பின் ஒரு சிறு சைகை அனுப்பிப் பார்க்கும். எதிரிலிருந்து மறுமொழி வந்தால் 480. வராவிட்டால் வருத்தமின்றி 12இலேயே வேலை செய்யும். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் மெதுவாக நடப்பவரின் நடையே இருவருக்கும் நடை அன்றோ? அந்த வழக்கம்தான் இங்கும்.

இப்போது வேகத்தைக் குறைத்தது நன்மையாய் முடிந்த கதைக்கு வருவோம். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலருக்கான புகைப்படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஆண்டு விழா, விளையாட்டு விழா, கிறிஸ்து பிறப்பு நாடகம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40 கிகாபைட். அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்ற, முன்பக்கத்து நீலத் துளையில் செருகினோம். ஐந்து நிமிடம் ஓடும். பிறகு "டிங்" என்றொரு ஒலியுடன் இணைப்பு அறுந்துபோகும். மீண்டும் செருகுவோம், மீண்டும் அறுந்துபோகும். மூன்று நாள் இப்படியே. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று எங்களில் ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

கணிப்பொறி ஆசிரியைதான் வழி சொன்னார்கள். வினாடிக்கு 5 கிகாபிட் என்றால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் 500 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் செல்லும். அத்தகைய விரைவான சைகைகள், பெட்டியின் முன்பக்கத்திலிருந்து உள்ளே வளைந்து வளைந்து செல்லும் மலிவான கம்பியில் சிதைந்துவிடுவது உண்டு. ஆசிரியை அதே ஹார்ட் டிஸ்கைப் பின்பக்கத்துக் கறுப்புத் துளையில், அதாவது 480 மெகாபிட் துளையில் செருகினார்கள். நீலத் துளையில் தடங்கல் இல்லாமல் ஓடியிருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். கறுப்புத் துளையில் இருபது நிமிடம் ஆயிற்று. ஆனால் முடிந்தது. பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் பாட்டிமார் சொல்வது கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை அன்று கண்டோம்.

மற்றொன்றும் உண்டு. நீலத் துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது, பக்கத்துத் துளையில் இருந்த ஆசிரியையின் கம்பியில்லா மவுஸ் திக்கித் திணறும். அம்பு ஓரிடத்தில் நின்றுவிடும். பிறகு திடீரென்று தாவும். இதுவும் எங்கள் கற்பனையன்று. 5 கிகாபிட் இணைப்பிலிருந்து எழும் மின்னிரைச்சல், கம்பியில்லா மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் சிறு ஏற்பியை ஒரு நீட்டுக் கம்பியில் தள்ளி வைத்தால் போதும். அல்லது ஹார்ட் டிஸ்கை 480க்கு இறக்கினாலும் போதும். பக்கத்தில் இருப்பவரின் பேச்சு கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்திக்கொள்வது போலத்தான் இது. இத்தகைய குறைப்பை நாங்கள் இரு கை நீட்டி வரவேற்கிறோம்.

ஆனால் கூட்டத்தில் கேட்ட குறைப்பு இவ்வகையைச் சேர்ந்ததன்று. சாதனத்துக்காகவோ கம்பிக்காகவோ அங்கே யாரும் கேட்கவில்லை. ஆட்களைச் சலிக்க வைக்கவே கேட்டார்கள். அது பலிக்குமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வாரம் அனுமதி வாங்கினோம்.

விண்டோஸில் "இந்தப் போர்ட்டின் வேகம் இவ்வளவு" என்று திருகிக் குறைக்கும் குமிழ் எதுவும் இல்லை. தொடக்க அமைப்புகளில் நீலத் துளையின் வேகத்தை நிறுத்தும் வசதி சில கணிப்பொறிகளில் உண்டு. நிறுத்தினாலும் 480 கிடைக்கும். 480இல், நல்ல பென் டிரைவாக இருந்தால், ஒரு திரைப்படம் ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிடும்! ஆகவே அலமாரியின் அடித்தட்டில் கிடந்த, 12 மெகாபிட் மட்டுமே அறிந்த ஒரு பழைய ஹப்பைத் தேடியெடுத்தோம். அதில் எதைச் செருகினாலும் 12க்கு இறங்கியே தீர வேண்டும். இரண்டு கணிப்பொறிகளில் இத்தகைய ஹப்புகளை மாட்டி, மற்றத் துளைகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டினோம்.

கணக்கு இப்படி. 12 மெகாபிட் என்பதை எட்டால் வகுத்தால் வினாடிக்கு ஒன்றரை மெகாபைட். நடைமுறையில் ஒரு மெகாபைட் கிடைத்தால் பெரிது. 1.4 கிகாபைட் திரைப்படத்துக்கு 23 நிமிடங்கள். எங்கள் மதிய இடைவேளை 40 நிமிடம்!

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறதா? படம் எடுப்பவர்கள் மணி அடித்தவுடன் வந்து செருகிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது படம் ஏறியிருந்தது. முன்பு பக்கத்தில் நின்று காத்திருந்தார்கள். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. பொறுமை இழப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள்தாம் உலகிலேயே பொறுமைசாலிகள்.

அவதிப்பட்டவர்கள் வேறு. உணவு முடித்து, கடைசிச் சில நிமிடங்களில் ஓடிவருகிறவர்கள் எப்போதும் வேலைக்காகவே வருகிறார்கள். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, தன் பாட்டி பிறந்த ஊரைப் பற்றிப் பாட்டியையே பேச வைத்து ஒலிப்பதிவு செய்து, வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு காட்சித் தொகுப்பு தயாரித்திருந்தாள். அளவு 180 மெகாபைட். சாதாரண நாளில் அரை நிமிடம்கூட ஆகாது. அன்று மூன்று நிமிடம் வேண்டியிருந்தது. இரண்டாம் நிமிடத்தில் மணி அடித்தது. தாமதமாக வகுப்புக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கினால், எழுதப்பட்ட கோப்பு மட்டும் கெடுவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் அதே பென் டிரைவில்தான் இருக்கிறது. அது கெட்டால் முன்பிருந்தவையும் கைக்கு எட்டாமல் போகும். அவ்வாறே ஆயிற்று. பாட்டியின் ஆறு ஒலிப்பதிவுகளும் திறக்க மறுத்தன. ஆசிரியை ஒரு மாலை முழுவதும் அமர்ந்து நான்கை மீட்டுக் கொடுத்தார்கள். இரண்டு போயின. பாட்டி மறுபடியும் பேச ஒப்புக்கொண்டாராம். ஆனால் முதல் தடவை சொன்னதுபோல் வரவில்லை என்று அந்தத் தங்கை எங்களிடம் சொன்னாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதில், பூச்சி தப்பிவிட்டது, வீடுதான் எரிந்தது. ஹப்பைத் தேடியெடுத்து மாட்டியவர்கள் நாங்கள் என்பதால், அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பாதுகாப்புக்காகவாவது மெதுவான போர்ட் உதவுமே என்று சில பெற்றோர் கேட்டார்கள். வைரஸ் வராதே, வினாத்தாளை யாரும் எடுத்துப்போக முடியாதே என்பது அவர்கள் எண்ணம். நல்லெண்ணம்தான், ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு வினாத்தாள் 200 கிலோபைட் இருக்கும். மிக மெதுவான எங்கள் பழைய ஹப்பிலும் அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல், ஈரானின் நதான்ஸ் அணுக்கூடத்துச் சுழற்பொறிகளையே பாழாக்கியது; பென் டிரைவுகளின் வழியாகவும் அது பரவியது. அதன் அளவு ஏறத்தாழ அரை மெகாபைட். பழைய ஹப்பில் அரை வினாடி!

2014இல் கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய தோழர் ஜேக்கப் லெல்லும் காட்டியது இன்னும் அச்சமூட்டுவது. பார்வைக்குப் பென் டிரைவாக இருக்கும் ஒன்று, செருகியவுடன் தன்னை விசைப்பலகை என்று அறிவித்துக்கொண்டு தானே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். விசைப்பலகைக்கு 1.5 மெகாபிட் போதும் என்று மேலே சொன்னோம் அல்லவா? அப்படியானால் எந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்தாலும் இந்தத் திருடன் நுழைந்துவிடுவான். பெரிய கோப்புகளுக்கு மட்டுமே மெதுவான போர்ட் தடை. தீமையோ பெரும்பாலும் சிறிய கோப்பில் வருகிறது.

எங்கள் மனத்தில் உறுத்தும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வாரமும் ஹப் மாட்டியிருப்பதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பது ஏற்பாடு. வந்தவர்கள் எல்லோரும் "பென் டிரைவ் கெட்டுவிட்டதா?", "கணிப்பொறி பழுதா?" என்று கேட்டார்கள். நாங்கள் தெரியாதென்று தலையாட்டினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பாவிடம் கேட்டுப் புதிய பென் டிரைவே வாங்கி வந்துவிட்டாள். ஆமென்பதும் இல்லையென்பதும் எப்படி இருக்க வேண்டும் என்று மலைப்பொழிவைப் படித்த மறைக்கல்வி வகுப்பு அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது. கூடாதென்றால் கூடாது என்று அறிவித்துவிடலாம். அறிவித்தால் கீழ்ப்படிகிறோம், முணுமுணுத்துக்கொண்டாவது. அனுமதிப்பதுபோல் காட்டி உள்ளே காலை வாருவதைத்தான் எங்களால் ஏற்க இயலவில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? விண்டோஸின் நிர்வாகியருக்கான அமைப்புகளில், பென் டிரைவிலிருந்து படிக்கலாம், அதில் எழுத முடியாது என்று ஒழுங்கு செய்யும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் வீட்டிலிருந்து வேலையைக் கொண்டுவரலாம். படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவர்களுக்காக, ஆசிரியையின் மேசைக்கு அருகில் உள்ள ஒரு கணிப்பொறியை மட்டும் முழு வேகத்தில் திறந்து வைக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு, வைரஸ் சோதனை செய்துவிட்டு எடுத்துப் போகட்டும். அறையில் யார் இருப்பது என்ற கேள்வி எழும். மதிய இடைவேளையில் முறை வைத்து அங்கே அமர, மன்றத்தில் ஆறு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் நால்வர் முன்பு படம் எடுக்கும் வரிசையில் நின்றவர்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. எந்த நேரத்தில் யார் வருவார்கள், எதை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்!

இவை எல்லாவற்றையும் எழுதி, சிஸ்டர் அவர்களிடம் பிப்ரவரியில் ஒரு விண்ணப்பமாகக் கொடுத்தோம். வரும் ஜூன் மாதத்தில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது நாங்கள் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டோம். ஆகவே பதினொன்றாம் வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு குறிப்பு: பழைய ஹப்புகளைத் தூக்கி எறிய வேண்டாம், வகுப்பில் வேகங்களை விளக்க அவை உதவும். பின்பக்கத்துக் கறுப்புத் துளையின் அருகே "மலர் ஹார்ட் டிஸ்க் இங்கே மட்டும்" என்று ஒட்டியிருக்கும் தாளையும் கிழிக்க வேண்டாம்.